மேலே நின்ற ஐந்தாவது மணி

ஹெர்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தில் கயிறு பிடித்து மணியடிக்கும் தேவாலயக் கோபுரங்கள் எத்தனை உண்டோ அத்தனையிலும் ஹிலரி ப்ரீஸ் ஏறி அடித்துவிட்டாள், ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஸ்டோக் மெரோ. அவள் புருஷன் க்ளைவ் அதையும் அடித்து முடித்தவன். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவர்கள் கல்யாணத்துக்கு முந்தைய வசந்தத்தில், மணியடிக்கும் கோஷ்டி ஸ்டோக் மெரோவுக்குப் போன சனிக்கிழமையன்று ஹிலரிக்கு டிரைவிங் டெஸ்ட் இருந்தது. ரவுண்டானாவில் தப்பான பக்கம் பார்த்துத் தோற்றுவிட்டு அவள் வீடு திரும்பினாள். க்ளைவ் ஸ்டோக் மெரோவை முடித்துவிட்டு ஆப்பிள் சாராய வாசனையோடு வந்தான்.

"டெஸ்டும் போச்சு, ஸ்டோக் மெரோவும் போச்சு" என்றான்.

அடுத்த மாதமே அந்தக் கோபுரத்தில் மணிகளைத் தாங்கும் மரச்சட்டம் ஆடுகிறது என்று பூட்டிவிட்டார்கள். பூட்டு முப்பத்தாறு வருஷம் தொங்கியது. க்ளைவின் கேலி அதைவிட உறுதியாகத் தொங்கியது. அவள் கேக் கருகினாலும், சாவியைத் தொலைத்தாலும், சீட்டாட்டத்தில் அவனை ஜெயித்தாலும்கூட, கடைசியில் ஒரே வார்த்தைதான்: "எல்லாம் சரி ஹில், ஆனா உனக்கு ஒண்ணு குறையுதே!"

இப்போது ஸ்டோக் மெரோ தேவாலயத்தை விற்றாகிவிட்டது. ஆறு மணிகளையும் திங்கட்கிழமை கழற்றி, நியூசிலாந்தில் புதிதாகக் கோபுரம் கட்டிக்கொண்டு காத்திருக்கும் ஓர் ஊருக்குக் கப்பலேற்றப் போகிறார்கள். அதற்குமுன் ஒரு தடவை அடித்துக்கொள்ள அனுமதி கேட்டு, கோஷ்டித் தலைவர் டெஸ்மண்ட் டட்ஜ் எழுதாத கடிதமில்லை. மரச்சட்டத்தைப் பார்த்த பொறியாளர் கடைசியில் இறங்கிவந்தார். சனிக்கிழமை நாலிலிருந்து நாலரை வரை. ஒரு நிமிஷம் கூடக் கூடாது.

எனவே அந்த மே மாதச் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே ஹிலரி எழுந்து, சைக்கிள் பேட்டரி நூறு சதம் ஏறியிருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வசந்தத்தில் ஒருநாள் ஊர் ஊராகப் போய்க் கோபுரம் கோபுரமாக அடித்துவிட்டு வருவது கோஷ்டியின் வழக்கம். முன்பெல்லாம் சாதா சைக்கிள். இப்போது ஆறு பேரில் நாலு பேருக்கு முழங்காலும் ஒருவருக்கு இடுப்பும் கெட்டுப்போய், ஆளாளுக்கு மின்சைக்கிள் வாங்கிவிட்டார்கள். எழுபத்துநாலு வயது டெஸ்மண்ட் முதலில், இதெல்லாம் ஏமாற்று வேலை என்று முறைத்தார். ஒருநாள் ஓட்டிப் பார்த்தவர் மறுநாளே போய் வாங்கினார். மேட்டில் ஏறும்போது இப்போதெல்லாம் விசிலடிக்கிறார்.

டெஸ்மண்டுக்கு விசிலைவிட முக்கியமானது ஒழுங்கு. மணிகள் வரிசையாக, சீராக, இடைவெளி பிசகாமல் விழவேண்டும். ஒரு மணி மயிரிழை முந்தினாலும் அவர் முகம் பல்வலிக்காரன் முகமாகிவிடும்.

முதல் மூன்று கோபுரமும் நன்றாகப் போயின. பாதையின் இரு பக்கமும் வேலியில் வெள்ளைப்பூ பொங்கி வழிந்தது. ஆப்பிள் தோட்டங்களில் இலை தெரியவில்லை, பூதான் தெரிந்தது. தோட்டம் தோட்டமாக அந்த இளஞ்சிவப்பைத் தாண்டும்போதெல்லாம் ஹிலரிக்குச் சிரிப்பு தானாக வந்தது. பெடலை மிதித்தால் பின்னாலிருந்து யாரோ முதுகைத் தள்ளிவிடுவது போல மோட்டார் தள்ளியது. அவள் மோட்டாரைச் சிக்கனத்தில் வைத்து ஓட்டினாள். ஸ்டோக் மெரோவுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது, சுவர் மாதிரி. அதற்கென்று சேர்த்து வைத்தாள். க்ளைவோ காலையிலிருந்து முழுவேகம். மேட்டில் எல்லாரையும் முந்திப் போய், உச்சியில் நின்று கையை ஆட்டி, "யாராவது தள்ளிவிடணுமா, மகாராணி?" என்று கத்துவான். அறுபத்தாறு வயது.

அதன் பலன் நாலாவது கோபுரமான விக்கர்போர்னில் தெரிந்தது. அங்கே மணிக்கயிறுகள் தேவாலயத்துக்குள்ளேயே தரைவரை தொங்கும். ஆறு பேரும் ஆறு மணியையும் ஏற்றி, வாய் வானத்தைப் பார்க்க நிறுத்தி, நன்றாகவே அடித்தார்கள். முடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது க்ளைவ் தன் ஐந்தாவது மணியை மேலேயே நிறுத்திக் கயிற்றை விட்டான்.

"என் பேட்டரி செத்துக்கிட்டிருக்கு. உள்ளே கெட்டில் வைக்கிற அறையில ஒரு பிளக் இருக்கு. பத்து நிமிஷம் போட்டுக்கறேன்."

"ஓசிக் கரண்டு தேடி தேவாலயத்துக்கு வந்த முதல் ஆள் நீதான்" என்றாள் ஹிலரி.

"ஆண்டவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு. உனக்குத்தான் எரியும்."

மற்ற ஐந்து பேரும் ஐந்து மணியாக அடித்து, நேரமானதும் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, மணிகளின் வாய் தரையைப் பார்க்க இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பூ வைக்க வந்த அம்மாக்கள் வாளியும் கத்தரியுமாக நின்று அவசரப்படுத்தினார்கள். கெட்டில் அறையிலிருந்து ஒரு சண்டைச் சத்தம் வந்தது. டீ போட வந்த அம்மாள் க்ளைவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாளாம்.

"எல்லா மணியும் இறங்கிடுச்சா?" என்று டெஸ்மண்ட் கேட்டார்.

"இறங்கிடுச்சு!" என்று நாலு குரலும் ஒன்றாகச் சொன்னது. அவரவர் தத்தம் மணியைச் சொன்னார்கள்.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் எலுமிச்சைக் கேக் வெட்டித் தின்றுவிட்டுக் கிளம்பும்போது மணி இரண்டே முக்கால். ஸ்டோக் மெரோ ஏழு மைல். எல்லாரும் முன்னால் போனார்கள். ஹிலரி பின்தங்கினாள். நாலு மணிக்குத்தானே கதவு திறக்கும்! முப்பத்தாறு வருஷம் காத்திருந்த சாப்பாட்டை அள்ளி விழுங்கக் கூடாது என்பது அவள் எண்ணம். ஓடைக்கரையில் இறங்கி வாத்துக்குஞ்சுகளை எண்ணினாள். ஒரு கேட்டில் சாய்ந்து ஆட்டுக்குட்டிகள் துள்ளுவதைப் பார்த்தாள். மூன்று இருபதுக்கு நாலு மைல் வந்திருந்தாள். காதுக்குள் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. மணியடிப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. அடித்து முடித்த மணி தலைக்குள் அடித்துக்கொண்டே இருக்கும்.

விக்கர்போர்னில் இறக்கியதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஆறு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஆறு. பெடலுக்குத் தாளமாக நன்றாக இருந்தது.

ஹிலரி பிரேக்கைப் பிடித்தாள்.

ஐந்து எங்கே?

க்ளைவ் கெட்டில் அறைக்குப் போனான். கெட்டில் அறையிலிருந்து நேரே கேக்குக்கு வந்தான். அவன் மணி மேலேயே நிற்கிறது.

அரை டன்னுக்குமேல் எடையுள்ள மணி வாயைப் பிளந்துகொண்டு, ஒரு மரக்கட்டையை நம்பி, தலைகீழாக நிற்கிறது. கீழே தொங்கும் கயிற்றைத் தெரியாத ஒருவன் விளையாட்டாக இழுத்தால் போதும். மணி புரளும். கயிறு அவனையும் பிடித்துக்கொண்டு கூரைக்குப் போகும். கை ஒடிந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கழுத்து ஒடிந்த ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். போதாக்குறைக்கு, மூன்றரைக்கு ஒரு கல்யாண ஒத்திகை இருக்கிறது என்று பூக்கார அம்மாக்கள் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், சுவரோரம் ஒரு தொங்கும் கயிறு.

செல்போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கேட்டின்மேல் ஏறி நின்று கையை உயர்த்தினாள். ஒரு கோடு வந்தது. க்ளைவைக் கூப்பிட்டாள். "நான் க்ளைவ், இப்போ மணியடிச்சுக்கிட்டிருப்பேன்" என்று பதிவுசெய்த குரல் பேசியது. அவன் போன் எப்போதும் கேக் பைக்குள் கிடக்கும். விக்கர்போர்ன்காரர்களின் எண் டெஸ்மண்டின் நோட்டில் இருக்கிறது. டெஸ்மண்ட் மூன்று மைலுக்கு அப்பால் விசிலடித்துக்கொண்டிருப்பார்.

முன்னால் ஸ்டோக் மெரோ. பின்னால் விக்கர்போர்ன். திரும்பிப் போனால் நாலு மைல், மணியை இறக்க நேரம், மறுபடி ஏழு மைல். நாலரைக்குள் முடியுமா?

"க்ளைவ் ப்ரீஸ்" என்று ஆட்டுக்குட்டிகளிடம் சொன்னாள், "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அன்னிக்கு ரவுண்டானாலயே படுத்திருக்கலாம்."

சைக்கிளைத் திருப்பினாள். சிக்கனத்திலிருந்து முழுவேகத்துக்குத் தட்டினாள்.

அடேயப்பா! நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த மோட்டார் அவளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. வாத்துக்குஞ்சுகள் ஒரு மஞ்சள் கோடாகப் போயின. ஆப்பிள் தோட்டம் வந்தது, போனது. காலையில் ஒவ்வொன்றாக ரசித்ததையெல்லாம் இப்போது மொத்தமாக ஒரே மூச்சில் பார்த்தாள். பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அறுபத்துநாலு வயதில் வளைவில் சாய்ந்து வேலியை உரசிக்கொண்டு போவதில் அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. காலையிலிருந்து க்ளைவ் ஏன் இப்படி ஓட்டினான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவனைத் திட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

விக்கர்போர்ன் வாசலில் நாலு கார் நின்றது. தேவாலயத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே சிரிப்பும், யாரோ எண்ணுகிற சத்தமும்.

"ஒண்ணு... ரெண்டு..."

இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்ற நேரம் இல்லை. ஹிலரி சைக்கிளோடு தேவாலயத்துக்குள் போனாள். கல் தரையில் டயர் கிறீச்சிட்டது. மணிக்கயிறுகளுக்குக் கீழே கோட்டைக் கழற்றிப்போட்ட ஒரு ராட்சசப் பையன், ஐந்தாவது கயிற்றின் கம்பளிப் பிடியை இரண்டு கையாலும் பற்றி, முழங்காலை மடக்கி, இழுக்கத் தயாராக நின்றான். இரண்டு பேர் செல்போனில் படமெடுத்தார்கள்.

"கையை எடுடா!" என்று ஹிலரி கத்தினாள்.

அந்தக் கூரைக்குக்கீழே யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். ராட்சசன் சுட்டதுபோல் கையை எடுத்தான்.

"சும்மா ஒரு தடவை இழுத்துப் பாக்கலாம்னு..." என்றான். அவன்தான் மாப்பிள்ளைத் தோழன், பேர் ரோரி.

"மேலே பாரு. அந்த ஓட்டை தெரியுதா, கயிறு போற ஓட்டை? அது வழியா நீ போயிருப்ப. உன் அகலத்துக்குப் பாதியிலேயே சிக்கியிருப்ப."

ரோரி அண்ணாந்து பார்த்தான். நிறம் மாறினான். பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண் டம்சின் அவன் முழங்கையில் ஓர் அடி வைத்தாள்.

"எதையும் தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்! அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நீ எனக்கு முழுசா வேணும்." பிறகு ஹிலரி பக்கம் திரும்பினாள். "நீங்க யாரும்மா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க எல்லாரும். அப்புறம் சொல்றேன்."

அவள் அத்தனை கனமான மணியைத் தனியாக இறக்கி ஏழெட்டு வருஷம் இருக்கும். கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்தாள். கயிற்றைப் பிடித்தாள். மெல்ல இழுத்தாள். மேலே மரக்கட்டை விலக, மணி புரண்டது. டோங்! என்று ஒலி சுவரெல்லாம் மோதியது. கயிறு மேலே ஓடியது, வந்தது, ஓடியது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை உள்ளே வாங்கிக் கையில் சுருட்டினாள். தோள் எரிந்தது. அவசரப்பட்டால் மணி கேட்காது, அதற்கு அதன் வேகம்தான். மனம் ஸ்டோக் மெரோவுக்கு ஓட, கை விக்கர்போர்னில் பொறுமை காட்ட வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

மணி கடைசியில் முனகி அடங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள். கயிற்றை உயரே கட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது.

இரண்டு மூச்சில் விஷயத்தைச் சொன்னாள். டம்சினுக்குக் கண் விரிந்தது.

"திங்கட்கிழமை கப்பல்ல போகுதா? அப்போ இன்னிக்கு விட்டா அவ்வளவுதானா? ரோரி, காரை எடு!"

"எடுத்து?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பாலம் பழுதுன்னு அடைச்சு வெச்சிருக்கான். காருக்குச் சுத்துவழி பதினெட்டு மைல். டிராக்டர் பின்னாடி மாட்டினா அஞ்சு மணி ஆயிடும். சைக்கிளுக்குக் காட்டுவழி இருக்கு. இவங்க சைக்கிள்லதான் சீக்கிரம் போவாங்க."

"பேட்டரி எவ்வளவு இருக்கு?" என்று ரோரி கேட்டான்.

அஞ்சு கோட்டில் இரண்டு.

ரோரி சைக்கிளைக் கைப்பிடியில் திருப்பி வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தான், இருபத்தைந்து கிலோவை ஒரு குடை மாதிரி. அவள் ஏறியதும் முதுகில் கைவைத்து ரோடுவரை ஓடித் தள்ளிவிட்டான். "போங்கம்மா, போங்க!" என்று கல்யாண கோஷ்டி முழுதும் சுவர்மேல் ஏறி நின்று கத்தியது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் யாரென்றே தெரியாதவர்கள். ஹிலரி கையை மட்டும் ஆட்டினாள், அழ நேரம் இல்லை.

காட்டுவழியில் நீலப்பூ கணுக்கால் உயரத்துக்கு விரிந்து கிடந்தது. மரத்துக்கு மரம் நீலம், வெயில் விழுந்த இடமெல்லாம் நீலம். இதைப் பார்க்க லண்டனிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஹிலரி அதன் நடுவே சேற்றை வாரியடித்துக்கொண்டு போனாள். நடுக்காட்டில் ஒரு குதிரை குறுக்கே வந்தது. குதிரையைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். உயிர் போகிற அவசரம் என்றாலும் அந்த ஊரில் பிறந்த எவளும் அதை மீறமாட்டாள்.

"நல்ல நாளு, இல்ல?" என்றாள் குதிரைமேல் இருந்த அம்மாள்.

"ரொம்ப நல்ல நாளு."

"போன வாரம் மழை."

"ஆமா, மழை."

"நாளைக்கும் வரும்கறாங்க."

"வரட்டும். நான் இப்படியே..."

"ஐயோ, அவசரமா? சொல்லக் கூடாதா?" குதிரை ஒதுங்கியது. ஹிலரி மூன்று தடவை நன்றி சொல்லி, மனத்துக்குள் மூன்று கெட்ட வார்த்தையும் சொல்லிப் பாய்ந்தாள்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் காற்றோடு அது வந்தது. மணிச்சத்தம். தூரத்தில், உயரத்தில். ஸ்டோக் மெரோ! ஆரம்பித்துவிட்டார்கள். கடிகாரம் நாலு எட்டு காட்டியது. அந்த மணிகளை அவள் கேட்பதே இதுதான் முதல் தடவை. இனிமையான, கொஞ்சம் பழுப்பேறிய சத்தம். சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. நான் இல்லாமலே அடிக்கிறார்களே!

நாலு பதினேழுக்கு மேட்டின் அடிவாரம் வந்தது. மேட்டில் பத்தடி ஏறியதும் மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டது. திரையில் கடைசிக் கோடும் அணைந்தது. நாள் முழுக்க இந்த மேட்டுக்காகவே சேர்த்த பேட்டரி! பின்னாலிருந்து தள்ளிய கை விலகியதும், சைக்கிளின் முழு எடையும் அவள் முழங்காலில் இறங்கியது. நாலு மிதி மிதித்தாள். ஐந்தாவதுக்கு முழங்கால் மறுத்துவிட்டது.

ஹிலரி இறங்கினாள். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய புத்தம்புதுச் சைக்கிளைப் பூட்டாமல்கூட வேலிப்பூவுக்குள் சாய்த்துவிட்டு நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. அதை ஓட்டம் என்று சொன்னால் க்ளைவ் சிரிப்பான்.

மேலேற மேலேற மணி தெளிவாகக் கேட்டது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியாதே.

ஒன்று, இரண்டு, - நாலு, ஐந்து, ஆறு.

ஒன்று, இரண்டு, - நாலு, ஐந்து, ஆறு.

யாரோ தூங்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே ஓர் ஓட்டை. ஐந்து பேர் இருந்தால் ஐந்து மணியை நெருக்கி, சீராக அடிப்பார்கள். விக்கர்போர்னில் அப்படித்தானே அடித்தார்கள்? பல் விழுந்த வாய்போல் இப்படி யாரும் அடிப்பதில்லை. அதுவும் மயிரிழைக்கு முகம் சுளிக்கும் டெஸ்மண்ட் டட்ஜ், ஊரே வெளியில் நின்று கேட்கும் கடைசி நாளன்று, இப்படி அடிக்கவிடுவாரா?

ஒன்று, இரண்டு, -

மூன்றாவது. நாற்பது வருஷமாக அவள் அடிக்கிற இடம்.

ஹிலரி நடுரோட்டில் ஒரு நொடி நின்றுவிட்டாள். அவர்கள் தூங்கவில்லை. இருபது நிமிஷமாக, ஒவ்வொரு சுற்றிலும், அவளுக்கென்று அவள் இடத்தைக் காலியாக விட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிறார். எத்தனையோ பேர் அவளுக்கு எத்தனையோ பரிசு கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் கொடுத்ததில்லை. இப்போது அழ நேரம் இருந்ததோ இல்லையோ, அழுதுகொண்டேதான் ஓடினாள்.

தேவாலயச் சுவரோரம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் வழிவிட்டார்கள். கோபுரத்துக்குள் சுழல்படி முப்பத்தொன்று. படியோரக் கயிற்றைப் பிடித்துக் கைகாலால் ஏறினாள். அறைக்குள் தலை நீட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தாறு.

யாரும் நிறுத்தவில்லை. அடிக்கும்போது யாரும் நிறுத்துவதில்லை. டெஸ்மண்ட், கோஷ்டியின் நோரீன், ஏவ்ரில், ஓவன், எல்லாருடைய கண்ணும் அவள்மேல் விழுந்து கயிற்றுக்குத் திரும்பியது. ஐந்தாவது கயிற்றில் க்ளைவ். முகம் சாம்பல் பூத்திருந்தது, அவள் எங்கோ விழுந்து கிடக்கிறாள் என்று நினைத்திருந்தான் போல. அவளைக் கண்டதும் அவன் வாய் கோணிக்கொண்டது. மூன்றாவது மணியை அவனே ஏற்றித் தயாராக வைத்திருந்தான். கயிறு மட்டும் ஆளில்லாமல் தொங்கியது.

"சேறு" என்றார் டெஸ்மண்ட், அவள் கோலத்தைப் பார்த்து. பிறகு, "சீக்கிரம் புடிம்மா, காது வலிக்குது."

ஹிலரி கயிற்றைப் பிடித்தாள். ஒரு சுற்று கேட்டாள். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில், ஒன்று, இரண்டு என்றதும் இழுத்தாள்.

மூன்று.

ஓட்டை அடைபட்டது. ஆறு மணியும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவந்தன. வெளியே சுவரோரம் யாரோ "ஆ!" என்றார்கள். அவள் கைக்குள் மணி பஞ்சுபோல் வந்தது, போனது. இத்தனை இலேசான மணியை அவள் அடித்ததே இல்லை. நாலு நிமிஷம். முப்பத்தாறு வருஷத்துக்கு நாலு நிமிஷம் போதுமா என்றால், போதும், தாராளமாகப் போதும். அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடித்தாள்.

மணிகள் ஆறையும் வாய் தரையைப் பார்க்க இறக்கியதும், நாலரைக்கு டெஸ்மண்ட் "நிறுத்து" என்றார். அப்புறம்தான் ஆளாளுக்குக் கேள்வி. எங்கே போனே? விழுந்துட்டியா? பங்க்சரா?

"வழியில ஒரு சின்ன வேலை" என்றாள் ஹிலரி.

அவள் க்ளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான். உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது. நாலு நிமிஷ அடியில், அதுவும் சின்ன மூன்றாவது மணியில், அப்படித் தடிக்காது. கனமான மணியைத் தனியாக இறக்கினால்தான் தடிக்கும். க்ளைவின் உதடு மெல்ல அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... அங்கேயே நின்றது.

மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போனபிறகு அவன் சுழல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"விக்கர்போர்ன்" என்றான்.

"ம்."

"யாராவது..."

"ஒருத்தன் கோட்டைக் கழட்டிட்டு, கம்பளியைப் புடிச்சிட்டான். ரெண்டு வரைக்கும் எண்ணிட்டாங்க."

க்ளைவ் முகத்தைக் கையில் புதைத்தான். நாற்பத்தைந்து வருஷ மணிக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வழியெல்லாம் அவள் சேர்த்துவைத்த வசவு அத்தனையும் நாக்கில் வரிசைகட்டி நின்றது. முப்பத்தாறு வருஷக் கேலிக்கு வட்டியோடு கொடுக்கலாம். அவன் தோள் நடுங்குவதைப் பார்த்ததும் வரிசை கலைந்துபோயிற்று.

"டெஸ்மண்ட்கிட்ட சொல்லணும்" என்றான் க்ளைவ். "இப்பவே போய்ச் சொல்லிடறேன், ஹில். எல்லாரும் இருக்கும்போதே."

அவன் எழுந்தான். ஹிலரி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து உட்கார வைத்தாள்.

"நாளைக்குச் சொல்லு" என்றாள். "இன்னிக்கு என் நாள்."